அடைப்பு யாருடைய வேலை?

குர்லாவின் பழைய சால்களில், ஒற்றை அறை வீட்டின் மூலையிலுள்ள மோரியிலேயே பாத்திரம் துலக்குதலும் துணி துவைத்தலும் நடக்கின்றன. அடுக்ககங்களில் பாத்திரம் துலக்கும் இடம் சிங்க்காக மாறிவிட்டது. எதில் நீர் தேங்கினாலும் முதலில் எழும் கேள்வி, "யாரைக் கூப்பிடுவது?" என்பதே. "எங்கே அடைத்திருக்கிறது?" என்ற கேள்வி எழுவதில்லை. இவ்வரிசை மாற வேண்டும். அது பிளம்பரின் கூலியை மிச்சப்படுத்துவதற்காக அன்று.

சிங்க்கின் அடியில் குப்பி வடிவில் ஒரு டிராப் உண்டு. அதில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்நீரே. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பறைக்காகக் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் தத்துவமும் இதுவே. எண்ணெய்ப் பிசுக்கு, சோற்றுப் பருக்கை, தேயிலைச் சக்கை ஆகியவை பெரும்பாலும் இங்கேதான் படிகின்றன.

இதனை நீக்குவது முதன்முறை முயல்பவருக்கும் கடினமன்று. முதலில் ரப்பர் பம்பினால் சிலமுறை அழுத்தி இழுத்துப் பார்க்கலாம். நீர் இறங்காவிடில், அடியில் வாளியை வைத்து, குப்பியைக் கையாலேயே திருகிக் கழற்றிக் கழுவி, வாஷர் நழுவாமல் மீண்டும் பொருத்தி, நீர் விட்டுக் கசிவைச் சோதித்தால் போதும். கடையில் கிடைக்கும் காரப்பொடியையோ ஆசிட்டையோ ஊற்றியபின் மட்டும் கழற்றக்கூடாது; கையும் கண்ணும் வெந்துபோகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் நச்சுத்தன்மையுடைய குளோரின் வாயு எழும்.

குப்பி சுத்தமாக இருந்தும் நீர் இறங்கவில்லையெனில், அல்லது மேல்வீட்டார் நீர் திறக்கும்போது கீழ்வீட்டு மோரியில் நீர் பொங்கினால், அடைப்பு பொதுக்குழாயில் இருக்கிறது. இவ்விடத்தில்தான் வீட்டுவேலை முடிந்து ஊர்வேலை தொடங்குகிறது. ஒரு வீட்டில் ஊற்றப்பட்ட எண்ணெய் வேறொருவர் இறங்க வேண்டிய குழியில் போய் உறைகிறது. 2017இல் இலண்டன் ஒயிட்சேப்பலில், பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறை கண்டெடுக்கப்பட்டது. அதனை உருவாக்கியவை அடுப்படிக் கொழுப்பும் தூக்கியெறியப்பட்ட ஈரத்துடைப்பான்களுமே.

குர்லா மக்களுக்கு இவ்வுண்மையைப் புத்தகத்திலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பற்ற குடியிருப்புகளின் கழிவுநீர் நாலாக்களின் வழியே மீட்டி ஆற்றில் கலக்கிறது. 2005 சூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்தபோது, அந்த ஆறு குர்லாவின் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தனை மழைக்கு அடைப்பு ஒன்றே காரணமென்று சொல்லமுடியாது. ஆக்கிரமிப்பும் குறுகிய கரைகளும் கடலின் ஏற்றமும் சேர்ந்தே அந்த வெள்ளத்தைப் பெருக்கின. ஆனால் நீருக்கு வழியில்லாத ஊரில் என்ன நேரும் என்பதை அன்று எல்லாரும் கண்டனர்.

அந்த வழியைத் திறந்துவைப்பவர் யார்? பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இழப்பீடு உயர்ந்ததே இறப்பு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. இறப்போரில் மிகப் பெரும்பான்மையோர் தலித்துகள் என்பது தற்செயலும் அன்று. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் தமிழ்நாட்டின் நிலையைப் பதிவுசெய்தது. பிழைப்புக்காக மும்பை வந்த தமிழருக்கும் அது அயல்கதை அன்று.

சிங்க்கைத் தானே திறந்தால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்கலாம். ஒழியாது. இயந்திரம் வாங்கவேண்டியது மாநகராட்சி; சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியது அரசு. வீட்டுக் குப்பியைக் கழுவுவதையும் விஷவாயு நிறைந்த குழியில் இறங்குவதையும் ஒப்பிடுவதுகூடத் தவறு. பிளம்பரின் தொழிலுக்கும் இதனால் கேடில்லை. சுவருக்குள் செல்லும் குழாய்க்கு அவரே வேண்டும்.

ஆயினும் தன் தட்டிலிருந்து விழுந்த பருக்கையே மூன்று நாளில் அழுகிக் கருஞ்சேறாவதைக் கையால் தொட்டறிந்தவர், வாணலியின் எண்ணெயைச் சிங்க்கில் கவிழ்ப்பதற்கு முன் தயங்குவார். பழைய தாளில் துடைத்துக் குப்பையில் இடுவார். அழுக்கு என்பது சிலருடைய பிறப்போடு ஒட்டியது என்ற பொய்யும் அவரிடம் எளிதில் செல்லாது. இப்பாடத்தை வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் ஏற்றாமல், பள்ளிப் பருவத்திலேயே ஆண்பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும். ஒரு வாளியும் அரைமணி நேரமும் போதும். அதன்பின் பொதுக்குழாய் அடைத்துக்கொண்டால், "யாரையாவது இறக்குங்கள்" என்று கேட்காமல், "இயந்திரம் எங்கே?" என்று கேட்கும் தகுதி அவர்களுக்கு வாய்க்கும்.