கடலுக்குப் போக ஆள் வேண்டும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்ன்வால். அதன் கடைக்கோடியில், பென்சான்ஸ் நகரைத் தாண்டிச் சில மைல் போனால் மௌசல் என்ற சின்னஞ்சிறு கடற்கரைக் கிராமம். கருங்கல் வீடுகள், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகள், வளைந்த இரண்டு கற்சுவர்களுக்குள் அடங்கிய துறைமுகம். கோடையில் வருகிறவர்கள் சுவரோரம் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஊரின் வரலாற்றைப் படித்தவர்களுக்கோ அதன் அழகு இரண்டாம் பட்சமாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

துறைமுகத்தின் பழைய சுவர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பல நூறு ஆண்டுகள் அந்த ஊருக்குச் சோறு போட்டது மத்தி மீன். பிடித்த மீனை உப்பிட்டு, பீப்பாயில் அடுக்கி, எண்ணெய் வடிய அழுத்தி இத்தாலிக்கு அனுப்பினார்கள். வடிந்த எண்ணெயில் வீட்டு விளக்கு எரிந்தது. குளிர்காலத்தில் கடல் சீறத் தொடங்கியதும் துறைமுக வாயைத் தடித்த மரக்கட்டைகளால் அடைப்பார்கள். உள்ளே இருக்கும் படகுகள் தப்பிக்க அது ஒன்றுதான் வழி.

1595ஆம் ஆண்டு கோடையில் பிரிட்டனியிலிருந்து நான்கு ஸ்பானியப் போர்க்கப்பல்கள் வந்தன. ஸ்பெயினின் மாபெரும் கடற்படை தோற்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இனி ஆபத்தில்லை என்றுதான் கரையில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். இறங்கிய வீரர்கள் மௌசலைக் கொளுத்தினார்கள். பக்கத்திலிருந்த பால், நியூலின், பென்சான்ஸ் ஊர்களும் எரிந்தன. மௌசலில் தப்பியது கெய்க்வின் குடும்பத்தின் வீடு ஒன்றுதான் என்று சொல்வார்கள். அது இன்றும் நிற்கிறது. வீட்டைக் காக்கப் போராடிய ஜென்கின் கெய்க்வின் தப்பவில்லை. சாம்பலான இடத்திலேயே ஊர் மறுபடி எழுந்தது.

கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷ் கடைசியாகப் பேச்சில் இருந்த ஊர்களில் இதுவும் ஒன்று. தலையில் கூடை சுமந்து மீன் விற்ற டாலி பென்ட்ரீத்தைத் தேடி 1768இல் டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற அறிஞர் மௌசலுக்கு வந்தார். 1777இல் அவள் இறந்தபோது மொழியும் இறந்தது என்று உலகம் எழுதிக்கொண்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அதே ஊர் மீனவர் வில்லியம் போடினார், தன் ஊரில் இன்னும் நாலைந்து பேர் அந்த மொழியைப் பேசுவார்கள் என்று கார்னிஷிலேயே பாரிங்டனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒரு மொழியின் கடைசிக் காலத்துக்கு ஒரு மீன்காரியும் ஒரு மீனவரும் சாட்சியாக நின்றார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பின்வந்த தலைமுறைகள் அந்த மொழியை ஏட்டிலிருந்து மீட்டெடுத்தன. 2002இல் பிரிட்டிஷ் அரசும் அதற்கு அங்கீகாரம் தந்தது.

மௌசலின் குணம் முழுதாக வெளிப்படுவது டிசம்பரில். 23ஆம் தேதி டாம் பாக்காக் திருநாள். ஒரு குளிர்காலத்தில் புயல் ஓயவே இல்லையாம். படகுகள் கரையிலேயே கிடக்க, ஊர் பட்டினியில் துவண்டதாம். டாம் பாக்காக் என்ற மீனவர் மட்டும் துணிந்து கடலுக்குப் போய், ஏழு வகை மீனோடு திரும்பி ஊரின் வயிற்றை நிரப்பினாராம். அவர் நினைவாகத் துறைமுகத்தருகே உள்ள ஷிப் இன் விடுதியில் ‘ஸ்டார்கேஸி பை’ சுடுகிறார்கள். மீனும் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்து மேலே மாவால் மூடிச் சுட்ட பண்டம் அது. மாவு மூடியைப் பிளந்துகொண்டு மத்தி மீன்களின் தலைகள் வானத்தைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்ப்பவர் திடுக்கிடுவார். ஆனால் பட்டினி கிடந்த ஊருக்கு உள்ளே மீன் இருக்கிறது என்பதைக் கண்ணால் காட்ட வேறென்ன வழி?

டாம் பாக்காக் கதையாக இருக்கலாம். 1981 டிசம்பர் 19 கதையல்ல.

அன்று ‘யூனியன் ஸ்டார்’ என்ற சரக்குக் கப்பல் நெதர்லாந்திலிருந்து அயர்லாந்துக்குத் தன் முதல் பயணத்தில் போய்க்கொண்டிருந்தது. எரிபொருளில் கடல்நீர் கலந்து எஞ்சின் நின்றது. கப்பலில் எட்டுப் பேர். அவர்களில் கேப்டனின் மனைவியும் அவருடைய இரண்டு மகள்களும் இருந்தார்கள். சூறாவளிக் காற்று கப்பலைக் கார்ன்வால் பாறைகளை நோக்கித் தள்ளியது. கடற்படை ஹெலிகாப்டர் பலமுறை முயன்றும் அந்தக் காற்றில் ஒருவரையும் தூக்க முடியவில்லை.

மௌசலை அடுத்த பென்லீ முனையில் ‘சாலமன் பிரௌன்’ என்ற மரத்தாலான மீட்புப் படகு இருந்தது. அழைப்பு கேட்டு ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல, தொண்டர்கள். படகின் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் ஏழு பேரைப் பொறுக்கினார். அவர்களில் ஒருவருடைய 17 வயது மகனும் வந்து நின்றான். இப்படிப்பட்ட இரவில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேரை ஏற்ற மாட்டேன் என்று ரிச்சர்ட்ஸ் அவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். இரவு எட்டு மணி கடந்து படகு சரிவில் இறங்கியது. பதினைந்து மீட்டருக்கும் மேலே எழுந்த அலைகளுக்கு நடுவே திரும்பத் திரும்பக் கப்பலை ஒட்டிப் போனது. நான்கு பேரை ஏற்றிவிட்டோம் என்று வானொலியில் செய்தி வந்தது. மற்றவர்களையும் மீட்கப் படகு மீண்டும் நெருங்கியது. அதன் பின் செய்தி இல்லை. படகிலிருந்த எட்டுப் பேரும் கப்பலில் வந்த எட்டுப் பேரும் மாண்டார்கள்.

மேலிருந்து பார்த்த ஹெலிகாப்டர் விமானி, தன் வாழ்நாளில் கண்ட மிகப் பெரிய துணிச்சல் அது என்று சாட்சியம் எழுதினார். ஊர் அதைவிடப் பெரிய சாட்சியம் தந்தது. ஒரு நாளைக்குள் புதிய மீட்புக் குழுவுக்குப் போதுமான ஆட்கள் மௌசலில் பெயர் கொடுத்துவிட்டார்கள். கரையில் நிறுத்தப்பட்ட அந்தப் பையன் பின்னாளில் பென்லீ மீட்புப் படகின் தலைவரானார். இறந்தவர்களில் ஒருவர் ஷிப் இன் விடுதியை நடத்திய சார்லி கிரீன்ஹாஃப். அந்த ஆண்டு ஊரின் கிறிஸ்துமஸ் விளக்குகளை ஏற்றி வைத்தவர். விபத்துக்குப் பின் அணைந்து கிடந்த விளக்குகளை மறுபடி ஏற்றச் சொன்னவர் அவருடைய மனைவி. இப்போதும் ஆண்டுதோறும் டிசம்பர் 19 இரவு எட்டு மணி முதல் ஒரு மணி நேரம் அந்த அலங்கார விளக்குகளை அணைத்து வைக்கிறார்கள்.

இதெல்லாம் எப்படிச் சாத்தியமாயிற்று? கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்ததால். பிரிட்டனின் மீட்புப் படகுகளை நடத்தும் ஆர்.என்.எல்.ஐ. 1824இல் தொடங்கப்பட்ட, நன்கொடையில் இயங்கும் தொண்டு நிறுவனம். அழைப்பு வந்த சில நிமிடங்களில் படகடிக்கு வந்துசேரும் தொலைவில் தொண்டர்கள் குடியிருக்க வேண்டும். அப்படிப் பக்கத்தில் இருக்கும் மீனவர் வீடுகள்தான் இன்று விடுமுறை வீடுகளாக மாறிவருகின்றன. லண்டன் பணத்தோடு போட்டி போட்டு வீடு வாங்க உள்ளூர் இளைஞர்களால் முடியாது. மௌசலில் மட்டுமல்ல, கார்ன்வால் கடற்கரை நெடுகிலும் இதே நிலைதான். அதே கடற்கரையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் நகர மக்கள் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று விதி கொண்டுவந்தார்கள். பழைய வீடுகளை அது கட்டுப்படுத்தாது. 2025 ஏப்ரல் முதல் கார்ன்வால் கவுன்சில் இரண்டாம் வீடுகளுக்கு இரு மடங்கு வரி விதிக்கிறது. தாமதமாக வந்தாலும் சரியான முடிவுதான்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்தி மீன் வணிகம் ஒடுங்கிய பிறகு ஊர் பிழைத்ததில் வந்து போகிறவர்களின் பணத்துக்கும் பங்குண்டு. ஆனால் வந்து போகிறவர்களால் ஒரு கடைக்கு வருமானம் தர முடியும். ஒரு மீட்புப் படகுக்கு எட்டுப் பேரைத் தர முடியாது. கொளுத்தப்பட்டபோது மௌசல் மீண்டது, எட்டுப் பேரை இழந்தபோதும் மீண்டது, அங்கே மக்கள் குடியிருந்ததால். பூட்டிய வீடுகளிலிருந்து எந்த ஊரும் மீண்டதில்லை. கடலோர ஊர்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் அங்கே பிறந்தவர்களுக்கு அங்கேயே வாழ வழி செய்யட்டும்.