'இயற்கைதானே, என்ன ஆகிடப் போகுது?' – வேப்பமரம் சொல்லும் பதில்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிறவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மூலிகை மலை என்று பெயர் வாங்கிய சதுரகிரியும் இதே தொடரில்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு வைத்தியர் இருப்பார். சளியா, துளசி. அம்மையா, வேப்பிலை. கொஞ்சம் யோசித்தால், "இயற்கைதானே, என்ன ஆகிடப் போகுது? சைடு எஃபெக்டே கிடையாது" என்பார்கள்.

இந்த நம்பிக்கையில் பாதி சரி, பாதி ஆபத்து. எந்தப் பாதி எது என்று பிரித்துக் காட்டுவதுதான் இயற்கைப்பொருள் வேதியியலின் வேலை.

செடி ஏன் மருந்து தயாரிக்கிறது?

நமக்காக அல்ல. பூச்சி கடித்தால் செடியால் ஓட முடியாது. தன்னைக் காத்துக்கொள்ள அது வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. அவற்றில் சிலவற்றைத்தான் நாம் மருந்தாக்கிக்கொள்கிறோம். ஆக, மருந்தும் விஷமும் பல நேரம் ஒரே பொருள்தான். அளவு மட்டும் வேறு.

நம் மாநில மலரான செங்காந்தளையே பாருங்கள். அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கொல்கிசின், கவுட் எனும் மூட்டு வலிக்கு உலகமே பயன்படுத்தும் மருந்து. இதற்காகவே தமிழக விவசாயிகள் செங்காந்தள் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரு மாத்திரையில் கொல்கிசின் இருப்பது வெறும் அரை மில்லிகிராம். அதே செடியின் கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம்.

வேம்பில் என்ன இருக்கிறது?

வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருளை 1968-ல் இங்கிலாந்து வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். வெட்டுக்கிளியைத் தின்னவிடாமல் தடுப்பது இதுதான். ஆய்வகத்தில் இதை உருவாக்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 22 ஆண்டுகள் உழைத்து, 2007-ல்தான் வென்றது. நம்ம தெருமுனை மரம் அதை வருஷா வருஷம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது!

இந்தப் பொருள் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். மண்ணுக்கும் தண்ணீருக்கும் அது நல்லது. ஆனால் உச்சி வெயிலில் தெளித்தால் மருந்து வீண். சாயங்காலம் தெளிக்கச் சொல்வது இதனால்தான். கடையில் வாங்கும் வேப்ப மருந்துப் புட்டியில் 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10,000 பிபிஎம் என்று போட்டிருப்பது அசாடிராக்டினின் அளவு. எல்லாமே 'வேம்பு'தான், ஆனால் முதலுக்கும் கடைசிக்கும் 30 மடங்குக்கு மேல் வித்தியாசம். எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் நஷ்டம் விவசாயிக்கு.

யூரியாவிலும் வேம்பு வந்துவிட்டது. உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. பூசிய யூரியா மண்ணில் மெதுவாக மாறுவதால், நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் கலப்பது குறைகிறது.

அப்போ பயமே வேண்டாமா?

வேண்டும். கைக்குழந்தைக்குச் சளி, வயிற்றுக் கோளாறு என்றால் வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. மலேசியாவில் இப்படிப் புகட்டப்பட்ட குழந்தைகளுக்குக் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 1981-லேயே 'லான்செட்' மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். வயலுக்கு நல்லதெல்லாம் வாய்க்கும் நல்லது ஆகிவிடாது. பச்சைக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

பாட்டி சொன்னது பொய்யா?

இல்லை. வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும் 1994-ல் ஐரோப்பிய காப்புரிமை வாங்கின. இது இந்தியாவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது என்று ஆதாரத்தோடு நிரூபித்த பிறகே, 2000-ல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடி ஆனது. வழக்கில் நின்றது பெருமைப் பேச்சு அல்ல, ஆதாரம். பாட்டியின் அறிவைக் காப்பாற்றவும் பதிவும் பரிசோதனையும்தான் வேண்டும்.

அதற்கான இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் வேதியியல் சொல்லித்தரும் கல்வி நிறுவனங்கள் உள்ளன. பக்கத்து விவசாயி கொண்டுவரும் வேப்பங்கொட்டையில் எவ்வளவு அசாடிராக்டின் இருக்கிறது, சந்தையில் விற்கும் மூலிகைப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சொல்லும் மையமாக அவை மாறலாம். மாணவர்களின் புராஜெக்ட்டும் ஊருக்கு உபயோகமாகும். அரசு இதற்கு நிதி ஒதுக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது மூன்று கேள்விகள். அடுத்த முறை வாட்ஸ்அப்பில் மூலிகை வைத்தியம் வந்தால் ஃபார்வர்ட் செய்யும் முன் கேளுங்கள்: செடியின் எந்தப் பாகம்? எவ்வளவு? யாருக்கு? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்த மெசேஜ் உங்களோடு நிற்கட்டும்.