இல்லமும் இன்னிசையும்: திறந்த ஹெட்போனும் ஆம்ப்ளிபயரும்

கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்துள்ள குவார்ட்டர்ஸுகளில் வாழும் நம்மவர்க்கு இசை கேட்கும் ஆசையில் குறைவில்லை, இடத்தில்தான் குறைவு. இரண்டு அறைகளுள் ஒன்றில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பர். மற்றொன்றில் முதியோர் உறங்குவர். அலுவலும் உணவும் முடிந்து ஒரு கச்சேரியைக் கேட்க அமரும்போது இரவு மணி பத்தாகிவிடும். அந்நேரத்தில் ஸ்பீக்கரில் பாட்டு வைத்தால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். ஆகவே, ஹெட்போன் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று அன்பர் பலர் கேட்கின்றனர். அதிலும் ‘ஓபன்-பேக்’ எனப்படும் திறந்த வகையைப் பற்றியும், அதற்கு ஆம்ப்ளிபயர் வேண்டுமா என்பது பற்றியுமே மிகுதியாக வினவுகின்றனர். இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

ஹெட்போனில் ஒலியை எழுப்புவது ஒரு மெல்லிய சவ்வு. அது அதிரும்போது ஒலி முன்னே செவிக்கும் செல்கிறது, பின்னேயும் செல்கிறது. மூடிய வகையில் பின்னே சென்ற ஒலி கிண்ணத்தின் சுவரில் மோதி ஓரளவு திரும்பி வரும். திறந்த வகையில் கிண்ணத்தின் புறத்தே வலை போன்ற தடுப்பே இருப்பதால், அவ்வொலி வெளியேறிவிடும். அதனால் பாட்டு தலைக்குள் அடைபட்டதுபோல் தோன்றாமல் சற்று விசாலமாகக் கேட்கும். ஜெர்மனியில் ஹனோவர் நகரருகே 1945இல் தோன்றிய சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட ‘எச்.டி. 414’ இவ்வகைக்கு முன்னோடி. அதே நிறுவனம் 1997இல் கொணர்ந்த ‘எச்.டி. 600’ஐ இன்றும் பலர் அளவுகோலாகக் கொள்கின்றனர்.

நம் சங்கீதத்துக்கு இவ்வகை நன்கு பொருந்தும். தம்பூராவின் சுருதி, வயலின் வில்லின் உரசல், மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை தெளிவாகத் துலங்கும். எனினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். நாம் போற்றிக் கேட்கும் பழைய ஒலிப்பதிவுகள் பல, மோனோ எனப்படும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. எத்துணை விலை கொடுத்து வாங்கிய ஹெட்போனும் அவற்றில் வித்துவான்களை இடமும் வலமுமாகப் பிரித்து அமர்த்திக் காட்ட இயலாது.

இனி இடர்ப்பாட்டுக்கு வருவோம். திறந்த கதவின் வழியே உள்ளிருப்பது வெளியே போகும். வெளியிலிருப்பது உள்ளே வரும். எம் அலுவலகத் தோழர் ஒருவர் பல மாதம் பணம் சேர்த்து உயர்ந்த திறந்த ஹெட்போன் ஒன்றை வாங்கினார். முதல் நாள் இரவே, அதே அறையில் படுத்திருந்த அவருடைய தாயார், “என்னப்பா, பாதி ராத்திரியிலே காதோரத்தில் எறும்பு ஊர்கிறாற்போல் ஏதோ கேட்கிறதே!” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். வெளியே கசியும் ஒலியில் தடித்த நாதம் தேய்ந்து, கீச்சென்ற பகுதியே எஞ்சுமாதலால், அம்மூதாட்டி சொன்ன உவமை முற்றிலும் பொருத்தமே. அன்று முதல் அக்கருவி சமையலறை ஸ்டூலில் அமர்ந்து கேட்பதற்கே பயன்படுகிறது.

உள்ளே வரும் ஓசையோ இதனினும் கேடு பயப்பது. டில்லியின் மே, ஜூன் மாதங்களில் கூலரின்றி உறங்குவோர் சிலரே. அதன் இரைச்சலில் முதலில் மறைவது மெல்லிய தம்பூரா ஒலி. அதைப் பிடிக்கவேண்டி நாம் ஒலியளவை ஏற்றுகிறோம். செவி தன்னையறியாமல் துன்புறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பின்படி, வளர்ந்தவர் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 டெசிபெல் ஆனால் 4 மணி நேரம் மட்டுமே. பத்து டெசிபெல் ஏறினால் காதில் விழும் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது என்பதே இதன் காரணம். பிள்ளைகட்கு இவ்வரம்பு இன்னும் குறைவு: 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல்.

ஆதலின் கடைக்குப் போகுமுன் வீட்டைப் பாருங்கள். நீங்கள் கேட்கும் நேரத்தில், கேட்கும் இடத்தில், அருகே உறங்குவோர் உண்டா? கூலரோ உரத்த மின்விசிறியோ ஓடுமா? இரண்டில் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்பது விடையாயின் மூடிய வகையே தக்கது. தனியறையும் அமைதியும் வாய்த்தவர் திறந்த வகையைத் தயங்காது வாங்கலாம். அவர்க்கு ஒரு நன்மையும் உண்டு: வாயில் மணியும், குக்கர் விசிலும், பெரியவர் அழைக்கும் குரலும் செவியில் விழும்.

அடுத்தது ஆம்ப்ளிபயர். ‘ஓம் அதிகமானால் ஆம்ப்ளிபயர் கட்டாயம்’ என்று கடைக்காரர் சிலர் கூறுவர். இது பாதி உண்மையே. மின்மறுப்பைக் குறிக்கும் ஓம் கணக்கோடு, ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்னும் உணர்திறனையும் பார்க்கவேண்டும். பேயர்டைனமிக் ‘டி.டி. 990’இன் 250 ஓம் வகைக்கு அது 96 டெசிபெல். ஹைபிமேன் ‘எச்.இ.-6’ 50 ஓம்தான். ஆயினும் அதன் உணர்திறன் 83.5 டெசிபெல் மட்டுமே. கச்சேரியின் உச்சமான கணப்பொழுதுகளுக்காக 106 டெசிபெல் வரை இடம் வைத்தால், முன்னதற்கு 10 மில்லிவாட் போதும். பின்னதற்கு ஏறத்தாழ 178 மில்லிவாட் வேண்டும். ஓம் குறைந்த கருவியே இங்கு மிகுந்த ஆற்றலைக் கேட்கிறது!

டெலிபோனில் செருகும் சிறிய ‘டாங்கிள்’ ஒன்று 1 வோல்ட் தருமாயின், மேற்சொன்ன 250 ஓம் கருவி அதிலேயே 102 டெசிபெல் வரை எழும். இரவில் அடக்கமாகக் கேட்போர்க்கு இதுவே தாராளம். எனவே முதலில் ஹெட்போனை வாங்கி, டாங்கிளில் சில வாரம் கேளுங்கள். ஒலியளவை முழுதும் ஏற்றியும் போதவில்லையெனின் அப்போது ஆம்ப்ளிபயரை நாடலாம். அதன் வெளியீட்டு மின்மறுப்பு, ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். அதாவது, 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள் இருக்கவேண்டும்.

லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கோ நேரு பிளேசுக்கோ செல்வோர், தமக்கு நன்கு பழகிய பாட்டு ஒன்றையே உடன் கொண்டுசென்று கேட்டுப் பார்க்கவேண்டும். இரு கருவிகளை ஒப்பிடுங்கால் ஒலியளவைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சற்று உரக்க ஒலிப்பது சிறந்ததுபோல் மயக்கும். கால் மணி நேரமாவது அணிந்து, காது வேர்க்கிறதா, தலையை அழுத்துகிறதா என்று பாருங்கள். பஞ்சுறையும் வயரும் பழுதானால் தனியே கிடைக்குமா என்று கேட்டு, ரசீதும் உத்தரவாதச் சீட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிபயருக்கென ஒதுக்கிய பணம் இவ்வாறு மிஞ்சுமாயின், அதைக்கொண்டு நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வையுங்கள். ஞாயிறு காலையில் வீட்டார் அனைவரும் கூடிக் கேட்பதற்கு அது உதவும்.