துறைமுகப் படகும் ஜனங்களின் உயிரும்

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வெளியூர் புறப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மேற்கே மலை, அதற்கப்பால் தேக்கடியும் கொச்சியும். கிழக்கே கரிசல் பூமி, அதற்கப்பால் தூத்துக்குடி. தெற்கே குமரிமுனை. எத்திசையில் சென்றாலும் பிரயாணத்தின் முடிவில் ஒரு நீர்த்துறை இருக்கிறது. ஆலைத் தொழிலாளரும், நெசவாளரும், பள்ளிப் பிள்ளைகளும், ஆயுளில் ஒருமுறையேனும் கடலில் மிதந்து பார்க்க வேண்டுமென்று ஆசைப்படும் முதியோரும் உல்லாசப் படகுகளில் ஏறுகிறார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், அப்படி ஏறுகின்ற நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணுவார் யார், அவர்கள் கரை திரும்பும்வரை அவர்கள் உயிருக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு இன்றுவரை தக்க விடை கிடைக்கவில்லை. அக்கேள்வியையே இன்று வாசகர்கள் முன் வைக்கிறோம்.

துறைமுகத்தைப் படகிலிருந்து பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கொச்சியில் ஒரு மணி நேரம் படகில் சுற்றி வருபவன் எத்தனையோ விஷயங்களைக் கற்றுக்கொள்கிறான். ராபர்ட் பிரிஸ்டோ என்னும் எஞ்சினீயர் 1920ஆம் ஆண்டு அங்கு வந்து தொடங்கிய முயற்சியினால் கடல்வாய் ஆழப்படுத்தப்பட்டதையும், அப்படித் தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு எழுப்பப்பட்டதையும் அவன் நேரில் காண்கிறான். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 2ந் தேதி கடற்படையில் சேர்க்கப்பட்ட விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய தளத்தைக் காண்கிறான். மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளையும், சீன வலைகளையும், வல்லார்பாடத்தின் பெட்டிச் சரக்குத் துறையையும் ஒரே வீச்சில் காண்கிறான். தேசத்தின் வியாபாரம் எவ்வாறு நடைபெறுகிறதென்பதை நூறு பிரசங்கங்கள் கேட்டு அறிவதைவிட இப்படி ஒருமுறை கண்ணால் கண்டு அறிவது மேலானது. உள்நாட்டுக் குடிமகனுக்குத் துறைமுகம் ஒரு பள்ளிக்கூடம் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் அதே துறைமுகத்தில் மற்றொரு காட்சியும் உண்டு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத் துணியை எடுத்துக்கொள்வோம். அத்துணி ஒரு சிப்பமாகக் கட்டப்பட்டுக் கப்பலேறும் முன்பு நிறுக்கப்படுகிறது, அதன்மீது குறியிடப்படுகிறது, பட்டியல் எழுதப்படுகிறது, இன்ஷூரன்ஸ் செய்யப்படுகிறது. வழியில் ஒரு சிப்பம் நனைந்தாலும் நஷ்டத்துக்கு ஈடு சொல்ல ஒருவன் இருக்கிறான். அத்துணியை நெய்த மனிதன் தன் மனைவி மக்களோடு உல்லாசப் படகில் ஏறும்போதோ, பல துறைகளில், அவனுடைய பெயரை எழுதுவாரில்லை, தலையை எண்ணுவாருமில்லை. படகு கவிழ்ந்த பின்னரே, கரையில் நிற்கும் உறவினர் கூறும் பெயர்களைக் கொண்டு, அதில் எத்தனை பேர் இருந்தனர் என்ற கணக்குத் தொடங்குகிறது. சிப்பத்துக்குள்ள கணக்கு மனிதனுக்கு இல்லையா என்று நாம் கேட்கிறோம்.

இது வீண் பயமன்று. நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 20ந் தேதி கேரளத்தில் தட்டேக்காட்டில் உல்லாசப் பயணம் வந்த பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர் மாண்டனர். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ந் தேதி தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அவர்களுள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். 2023ஆம் ஆண்டு மே 7ந் தேதி தானூரில், மீன்பிடி படகை மாற்றியமைத்து உல்லாசப் படகாக்கிய ஒன்று, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் ஓடிக் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. கமிஷன்களுக்குக் குறைவில்லை, படிப்பினைகளுக்கும் குறைவில்லை. ஒரு கமிஷன் கண்டறிந்ததை அடுத்த விபத்துக்கு முன்னால் நிறைவேற்றும் உறுதிதான் குறைவாயிருந்தது.

கேரளத்தை மட்டும் குறைகூறுவது நமது நோக்கமன்று. நமது வீட்டுக் கதவையும் நாம் திறந்து பார்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ந் தேதி பழவேற்காட்டில் பண்டிகை நாளைக் கழிக்க மீன்பிடி படகில் ஏறிச் சென்றவர்களில் 22 பேர் மாண்டனர். அது தமிழ்நாட்டு நீர். வடக்கே பம்பாய்த் துறைமுகத்தில் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 18ந் தேதி, எலிபெண்டா தீவுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற நீல்கமல் என்ற படகின்மீது, எஞ்சின் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படையின் விரைவுப் படகு மோதியது. 15 பேர் மாண்டனர். மோதியது வேறொரு படகே என்றாலும், மூழ்கிய படகில் இருந்தவர் பெரும்பாலோர் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை என்பதும், அதில் அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தனர் என்பதும் வெளியாயின. மறுநாளே அத்துறையில் மிதவைச் சட்டை கட்டாயமாக்கப்பட்டது. ஒரே நாளில் செய்யக்கூடிய காரியத்துக்கு முந்தைய நாள் வரை ஏன் காத்திருந்தார்கள் என்பதற்கு யார் பதில் சொல்வார்கள்?

காரணங்களை ஆராய்ந்தால் அவற்றில் விதியின் கை தெரியவில்லை. மனிதரின் அஜாக்கிரதையே தெரிகிறது. படகின் நிலை அதன் பாரம் எவ்வளவு என்பதை மட்டும் பொறுத்ததன்று. பாரம் எங்கே இருக்கிறதென்பதையும் பொறுத்தது. மேல்தட்டில் ஆட்கள் கூடக்கூடப் படகின் கனம் மேலே ஏறுகிறது. சிறிது சாய்ந்தாலும் நிமிரும் சக்தி குறைகிறது. அந்நிலையில் கரையோரத்து யானையையோ துறையில் நிற்கும் பெருங்கப்பலையோ காண்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் நெருங்கினால், சில நொடிகளில் படகு புரண்டுவிடும். தேக்கடியில் விலங்குகளைக் காணும் ஆவலில் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் பேசப்பட்டது. படகு புரளும் அந்தச் சில நொடிகளில், ஆசனத்துக்கு அடியில் திணித்தோ கூரையில் கட்டியோ வைத்திருக்கும் மிதவைச் சட்டையை எடுத்து அணிய எவராலும் இயலாது. ஆகவே படகில் சட்டை இருக்கிறது என்று சொல்வது போதாது. அது உடம்பில் இருக்க வேண்டும். சட்டையை வைத்திருப்பது அதிகாரிக்குக் காட்ட; அணிந்திருப்பதே உயிர் பிழைக்க.

சட்டம் இல்லையென்று கூறுவதற்கில்லை. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி இயற்றப்பட்ட 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2022 ஜூனில் அமலுக்கு வந்தது. கலத்தைப் பதிவு செய்தல், தகுதியைப் பரிசோதித்துச் சான்று பெறுதல், பயிற்சி பெற்ற மாலுமிகளை அமர்த்துதல், இன்ஷூரன்ஸ் செய்தல் ஆகிய யாவற்றுக்கும் அதில் இடமுண்டு. தமிழ்நாட்டின் சிறு துறைமுகங்களைக் கவனிக்கக் கடல்சார் வாரியம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகம் தலைநகரில் இருக்கிறது. படகோ துறையில் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் சீட்டு விற்பவன் நிற்கிறான். இன்னும் ஐந்து பேரை ஏற்றினால் அவனுக்கு லாபம். ஏற்றாதே என்று சொல்லவேண்டியவனும் அவனேயாக இருந்தால், அந்தச் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். லாபம் பெறுபவனும் எண்ணிக்கையைக் காப்பவனும் ஒருவனாக இருக்கக்கூடாதென்பதே இவ்விபத்துகள் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

முறையாகச் செய்ய முடியாதோ என்றால், முடியும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. கொச்சியிலேயே 2023 ஏப்ரல் முதல் ஓடிவரும் நீர்வழி மெட்ரோவில், 100 பேர் கொள்ளும் மின்சாரப் படகுகளுக்குக் கதவின் வழியே எண்ணித்தான் ஆட்களை விடுகிறார்கள். நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தட்டோடு சமமாக நிற்கும் மிதக்கும் மேடையில் நடந்து, முதியவரும் குழந்தையும் தடுமாறாமல் ஏறுகிறார்கள். தெற்கே குமரிமுனையில், நமது சர்க்காருக்குச் சொந்தமான பூம்புகார்க் கப்பல் கழகத்தின் படகுகள் விவேகானந்தர் பாறைக்குச் செல்கின்றன. கடல் கொந்தளித்தாலும் உள்வாங்கினாலும் அங்கே படகை நிறுத்திவிடுகிறார்கள். வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் அன்று ஏமாற்றமடைகிறார்கள். ஆனால் உயிரோடு ஊர் திரும்புகிறார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கட்டுப்பாடு மிகுந்தால் கட்டணம் உயரும், ஏழைக்கு எட்டாது, ஒற்றைப் படகை நம்பிப் பிழைக்கும் சிறு படகோட்டி பட்டினி கிடப்பான் என்பார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க ஆட்சேபமன்று. கடலோடு பிறந்து வளர்ந்த மீனவன் நமக்கு விரோதியல்லன். விபத்து நேர்ந்தபோதெல்லாம் முதலில் நீரில் குதித்து உயிர்களை மீட்டவனும் அவனே. அவனுக்கு வேண்டியது அபராதம் மட்டுமன்று. பயிற்சியும், கடனுதவியும், மலிவு விலையில் மிதவைச் சட்டைகளும் வேண்டும். மீன் பிடிக்கும் படகு வேறு, மனிதரை ஏற்றும் படகு வேறு என்பதை அவனுக்கு உணர்த்தி, மாற்றிக்கொள்ள வழியும் செய்துகொடுப்பது சர்க்காரின் கடமையாகும். கட்டணம் சிறிது உயர்ந்தாலும், அந்த உயர்வைக் காட்டி உயிர்க் காவலை விலக்குவது நியாயமாகாது. ஏழையின் சீட்டு மலிவாக இருக்கலாம். அவன் உயிர் மலிவாக இருக்கலாகாது.

நமது கோரிக்கைகள் சிலவே. படகு எத்தனை பேரை ஏற்றலாம், மேல்தட்டில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதைக் கரையிலிருந்தே படிக்கும்படி பெரிய தமிழ் எழுத்தில் படகின் இரு பக்கமும் எழுதவேண்டும். ஏறுபவரை எண்ணுபவன், படகுக்காரனிடம் கூலி வாங்காத பொறுப்புள்ள ஊழியனாக இருக்கவேண்டும். ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிந்த பின்னரே கயிற்றை அவிழ்க்கவேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் சட்டை இருக்கவேண்டும். பொழுது சாய்ந்த பின்னரும் காற்று எச்சரிக்கை உள்ளபோதும் உல்லாசப் படகு ஓடலாகாது. விசாரணைக் கமிஷன்கள் கூறிய யோசனைகளில் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்பதை ஆண்டுதோறும் சட்டசபையின் முன் வைக்கவேண்டும்.

இம்முறைகளுக்கு முன்மாதிரி காட்டத் தகுந்த இடம் தூத்துக்குடியே என்பது நமது துணிபு. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் ஓடிய துறை அது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908இல் சிறை புகுந்தார். அன்று நிகழ்ந்த போராட்டம் கப்பல் கூலியைப் பற்றியது மட்டுமன்று. நமது கடலில் நமது ஜனங்கள் கௌரவத்தோடு பிரயாணம் செய்யவேண்டுமென்பதும் அதன் உட்பொருள். 1974இல் அங்கே புதிய பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது. 2011இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் பெயர் தாங்கிய துறையில், நமது பிள்ளைகள் எண்ணி ஏற்றப்பட்டு, சட்டை அணிந்து, அறிந்தவர் ஒருவர் துறையின் வரலாற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல, பழைய துறைமுகத்தையும் புதியதையும் நீரிலிருந்து கண்டு திரும்பும்படி, சர்க்காரின் பொறுப்பில் ஆண்டு முழுதும் ஒரு படகுச் சேவை நடைபெறுமாயின், அதைவிடச் சிறந்த ஞாபகச் சின்னம் வேறு எதுவும் இருக்கமுடியாது.

இறுதியாக நமது ஊர்களின் பொதுநல ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. உல்லாசப் பயணங்களை ஏற்பாடு செய்பவர்கள் பெரும்பாலும் ஆலைச் சங்கத்தாரும், பள்ளி ஆசிரியரும், தெருச் சங்கத்து இளைஞருமே. பஸ் புறப்படும் முன்பே பெயர்ப் பட்டியல் எழுதி, அதன் பிரதி ஒன்றை ஊரில் வைத்துவிட்டுப் போகலாம். துறையை அடைந்ததும் படகின் சான்று எங்கே, அளவு எத்தனை, சட்டை எங்கே என்று கேட்கலாம். சரியான பதில் கிடைக்காவிடில், கொடுத்த பணம் போனாலும் போகட்டுமென்று கரையிலேயே நின்றுவிடலாம். ஐம்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் ஏற மறுத்துத் திரும்பினால், படகுக்காரன் அன்று மாலையே சட்டை வாங்கப் புறப்படுவான். அச்சமின்றிக் கேள்வி கேட்பவனே குடிமகன். கேளாமல் ஏறுபவன், நிறுக்கப்படாத சரக்காகவே அப்படகில் கிடக்கிறான். நமது ஜனங்கள் சரக்காக அல்ல, குடிகளாகக் கடலைக் காணப் போகட்டும்; போனவர் அத்தனை பேரும் எண்ணிக்கை குறையாமல் வீடு திரும்பட்டும்.