அம்மாவின் மறதியும் கஞ்சா எண்ணெயும்



'அம்மாவுக்கு மறதி நோய். கஞ்சா எண்ணெய் கொடுத்தால் குணமாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கொடுக்கலாமா?' இந்த மாதிரிக் கடிதங்கள் கொஞ்ச நாளாக வந்தபடியே இருக்கின்றன. வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறதே!

1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தார்கள். (ஆய்வுக்கான ஹஷீஷை மெக்கூலமுக்குக் கொடுத்தது போலீஸ், அவர் அதைப் பேருந்திலேயே கொண்டுபோனார்.) அதை ஏற்கும் ஏற்பி மூளையில் இருப்பது 1988-ல்தான் தெரிந்தது. ஒரு செடியின் சரக்குக்காகவா மூளை ஏற்பி வைத்திருக்கும்? 1992-ல் ஜெருசலேமில் விடை கிடைத்தது. அதே ஏற்பியில் போய் உட்காரும் ஆனந்தமைடு என்ற பொருளை நம் உடலே தயாரிக்கிறது.

பந்தியில் இலைமேல் கையை நீட்டி 'போதும்' என்று மறிக்கிறோம் அல்லவா, இந்த வகைப் பொருள்களின் வேலையும் அதுதான். சேதி பெறும் நரம்பணு இவற்றை அந்தந்த நேரத்துக்குத் தயாரித்து, அனுப்பும் அணுவுக்கே திருப்பிவிடுகிறது. அங்கிருந்து வரும் சேதியின் வரத்து குறைகிறது.

சில மூளை நோய்களில் இந்த ஏற்பாடு மாறிப்போகிறது. ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயில், மூளையின் ஆழத்தில் இந்த ஏற்பிகள் தொடக்கத்திலேயே குறைந்துபோகின்றன. மறதி நோயான அல்சைமரில், அமிலாய்டு புரதப் படிவுகளைச் சூழ்ந்திருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்களில் இன்னொரு வகை ஏற்பி பெருகுகிறது. அதைத் தூண்டினால் எலிகளின் மூளையில் அழற்சி தணிகிறது.

எலிகளுக்குச் சரி. மனிதர்களிடம் கதை வேறு. ஸ்பெயினில் ஹன்டிங்டன் நோயாளிகளுக்குக் கஞ்சாச் சாற்று ஸ்பிரே கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. பிரிட்டனில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் முற்றிவரும் சுமார் 500 பேரை 3 ஆண்டுகள் வரை கவனித்தார்கள், டி.எச்.சி. மாத்திரையால் நோயின் வேகம் குறையவில்லை. அந்த நோயில் வரும் தசை இறுக்கத்துக்கு அதே ஸ்பிரேயை 2010-ல் பிரிட்டன் அனுமதித்தது உண்மை. அது உபாதையைத் தணிக்கும், அவ்வளவுதான். அல்சைமரை நிறுத்திய கஞ்சா மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

கஞ்சா எண்ணெயை ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவருகிறவர்கள் தயவுசெய்து நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். டி.எச்.சி. கலந்திருந்தால் வயதானவர்களுக்குத் தலைசுற்றும், குழப்பம் கூடும், விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். போதை தராத கன்னாபிடியால் என்ற கஞ்சாப் பொருள்கூட, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினின் அளவை உடலில் ஏற்றிவிடும். பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்