நிதி இணை அமைச்சர்: பெயரில் இணை, அதிகாரத்தில்?

2019 பிப்ரவரி 1 அன்று மக்களவையில் இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் பியூஷ் கோயல். அவர் அப்போது ரயில்வே அமைச்சர். நிதியமைச்சர் அருண் ஜேட்லி சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றிருந்ததால், நிதித் துறை கூடுதல் பொறுப்பாக அவரிடம் தரப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜேட்லிக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோதும் இதே ஏற்பாடுதான். இத்தனைக்கும் அவ்விரு சமயங்களிலும் நிதியமைச்சகத்தில் இரண்டு இணை அமைச்சர்கள் இருந்தார்கள். ஒருவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த சிவ பிரதாப் சுக்லா. மற்றவர் கன்னியாகுமரியின் பொன். ராதாகிருஷ்ணன். தலைவர் இல்லாதபோது பொறுப்பேற்பவரே துணைவர் என்பது ஊராட்சி மன்றம் வரை நாம் அறிந்த நடைமுறை. நாட்டின் கருவூலத்தில் அது செல்லுபடியாகவில்லை.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. இணை அமைச்சர் அமைச்சரவையின் உறுப்பினர் அல்லர். அமைச்சர்கள் குழுவின் உறுப்பினர் மட்டுமே. பட்ஜெட்டோ அமைச்சரவையின் முடிவு. ஆகவே, கேபினட் தகுதி உள்ள வேறொருவரைப் பிரதமர் தேடியது மரபுக்கு உட்பட்டதே. ஆனால், அப்படியானால் இணை அமைச்சர் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரே குழப்பத்தைக் கூட்டுகிறது. ‘இணை’ என்றால் சமம் என்று பொருள் கொள்வோம். பழைய நாளிதழ்கள் எழுதிய ‘ராஜாங்க மந்திரி’யும், இலங்கையில் வழங்கிவந்த ‘இராஜாங்க அமைச்சர்’ என்ற பெயரும் மூலச் சொல்லுக்கு நெருக்கமானவை. அவற்றில் சமத்துவம் பற்றிய பாசாங்கு இல்லை.

இந்தப் பதவிக்கு எழுதப்பட்ட அதிகாரம் என்று எதுவும் கிடையாது. 1961ஆம் ஆண்டின் அலுவல் நடைமுறை விதிகளின்படி, ஒரு துறைக்கு ஒதுக்கப்பட்ட அலுவல்கள் அதன் பொறுப்பு அமைச்சரின் பொது அல்லது சிறப்பு உத்தரவுகளின்படி முடிக்கப்படும். எந்தக் கோப்பு இணை அமைச்சரின் மேசைக்குப் போகும், எது போகாது என்பதை அமைச்சரின் உள் உத்தரவே தீர்மானிக்கிறது. நடைமுறையில் நாடாளுமன்றத்தில் எழுத்துமூலக் கேள்விகளுக்கான பதில்கள் பெரும்பாலும் இவர் பெயரில் வைக்கப்படும். அமைச்சர் ஓர் அவையில் இருக்கும்போது மற்றோர் அவையை இவர் கவனிப்பார். உறுப்பினர்களின் கடிதங்களும் வணிகர் சங்கங்களின் மனுக்களும் இவரிடம் வந்து சேரும்.

இந்தப் படியில் ஏறி உயர்ந்தவர்களும் உண்டு. பிரணாப் முகர்ஜி 1970களில் நிதித் துறையில் இணை அமைச்சராக இருந்து, 1982இல் நிதியமைச்சர் ஆனார். நிர்மலா சீதாராமன் 2014இல் சில மாதங்கள் நிதி இணை அமைச்சர். 2019இல் அதே அமைச்சகத்தின் தலைவர். தஞ்சாவூரின் எஸ்.எஸ். பழனிமாணிக்கமோ 2004 முதல் 2013இல் தி.மு.க. ஆட்சியிலிருந்து விலகும்வரை இப்பதவியிலேயே இருந்தார். கூட்டணிக் கட்சிக்காரருக்குப் படி அங்கேயே முடிந்துவிடுகிறது.

எழுதப்பட்ட அதிகாரம் இல்லை என்பதால் செல்வாக்கு இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் பகுதிக்கு அருகிலுள்ள திண்டிவனம் தொகுதியிலிருந்து தேர்வான ம.தி.மு.க.வின் செஞ்சி ராமச்சந்திரன், வாஜ்பாய் அரசில் நிதி இணை அமைச்சராக இருந்தார். 2003இல் வருமான வரி அதிகாரி ஒருவரின் இடமாற்றம் தொடர்பான லஞ்சப் புகாரில் அவருடைய உதவியாளரை சி.பி.ஐ. கைது செய்தது, அமைச்சர் பதவி விலகினார். வழக்கின் தன்மைக்குள் நான் செல்லவில்லை. ஆனால், அந்த அலுவலகத்தின் வாசலில் விலைபேச ஏதோ இருக்கிறது என்று சிலர் நம்பியிருந்தார்கள் என்பது தெளிவு. இடமாற்றத்தில் இணை அமைச்சருக்கு என்ன பங்கு என்பது பொதுவெளியில் எழுதப்பட்டிருந்தால், அந்த நம்பிக்கைக்கு அவ்வளவு விலை கிடைத்திருக்காது.

இனி அரசமைப்புச் சட்டத்துக்கு வருவோம். நிதி இணை அமைச்சரை அது பெயர் சொல்லி அழைக்கும் இடம் 2016இல் சேர்க்கப்பட்ட 279ஏ பிரிவு. ஜிஎஸ்டி கவுன்சிலின் தலைவர் ஒன்றிய நிதியமைச்சர். வருவாய் அல்லது நிதிக்குப் பொறுப்பான ஒன்றிய இணை அமைச்சர் உறுப்பினர். மாநிலங்களின் நிதி அமைச்சர்கள் மற்ற உறுப்பினர்கள். இவ்வளவு உயரத்தில் நாற்காலி போட்டுக்கொடுத்த அதே பிரிவு, அடுத்த சில வரிகளில் அதன் எடையை எடுத்துவிடுகிறது. வாக்கெடுப்பில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றியத்தின் சார்பில் ஒருவர் அமர்ந்தாலும் இருவர் அமர்ந்தாலும் எடை ஒன்றுதான்.

அதே மேசையில் புதுச்சேரி அமர்ந்திருக்கிறது. சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசம் ஜிஎஸ்டிக்கு மட்டும் ‘மாநிலம்’ என்று கருதப்படும். 31 மாநில வாக்குகளில் ஒன்று எங்களுடையது. அதன் எடை உத்தரப் பிரதேசத்தின் எடைக்குச் சமம். அந்த மண்டபத்தில் எங்கள் அமைச்சரின் வாக்குக்குத் தனி எடை உண்டு. ஒன்றிய இணை அமைச்சரின் வாக்குக்கு இல்லை.

மண்டபத்துக்கு வெளியே நிலைமை தலைகீழ். நான் வசிக்கும் தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் சென்றால், முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாடு வந்துவிடும். எல்லையின் இருபுறமும் ஒரே ஜிஎஸ்டி, ஒரே வருமான வரி. ஆனால், ஒன்றிய வரிகளில் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் 41 விழுக்காட்டில் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்குப் பங்கு உண்டு. இப்பால் இருப்பவர்களுக்கு இல்லை. நிதிக் குழுவை அமைக்கும் 280ஆவது பிரிவு, மாநிலங்களுக்கான பகிர்வைப் பற்றியதாகவே பொருள்கொள்ளப்படுகிறது. எனவே, புதுச்சேரிக்கான தொகை உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் ஒரு வரியாக வருகிறது. அது எவ்வளவு என்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை.

2007இல் தனிப் பொதுக் கணக்கு தொடங்கப்பட்ட பின், சந்தையில் கடன் வாங்கி வட்டி கட்டும் சுமையும் புதுச்சேரிக்கு வந்தது. மாநிலத்துக்கு உரிய கடன் உண்டு. மாநிலத்துக்கு உரிய பங்கு இல்லை. போதாக்குறைக்கு, 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டப்படி, பட்ஜெட்டைச் சட்டமன்றத்தில் வைப்பதற்கே குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் தேவை. அந்தக் கோப்பு தில்லி சென்று திரும்ப வேண்டும். 2022இலும் 2024இலும் முழு பட்ஜெட் வந்தது ஆகஸ்ட் மாதத்தில். நிதியாண்டில் நான்கு மாதங்கள் அதற்குள் கழிந்திருந்தன. 2025இல் முதல்வர் ரங்கசாமி 13,600 கோடி ரூபாய் பட்ஜெட்டை மார்ச் மாதத்திலேயே தாக்கல் செய்தது ஒரு நல்ல மாற்றம்.

நிதிக் குழுவில் சேருங்கள் என்ற கோரிக்கை இங்கே கட்சி பேதமின்றி எழுந்துவந்திருக்கிறது. இதற்காக நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினால், பதில் பெரும்பாலும் நிதி இணை அமைச்சரின் பெயரில்தான் வரும். சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டுவதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல இயலாது. முடிவெடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பணத்தைத் தருவது அவருடைய அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் அல்ல. உள்துறையைக் கேட்டால், ஒதுக்கீட்டின் அளவு நிதியமைச்சகத்தின் இசைவைப் பொறுத்தது என்பார்கள். இரண்டு அமைச்சகங்களுக்கு நடுவில் விழுந்த பிரச்சினைக்குச் சொந்தக்காரர் யார்?

பிற நாடுகளில் இந்த இரண்டாம் நாற்காலிக்கு வேலை இருக்கிறது. பிரிட்டனில் 1961 முதல் கருவூலத் தலைமைச் செயலர் என்றொரு அமைச்சர் உண்டு. பெயரில்தான் செயலர், பொதுச் செலவினத்தைத் துறைவாரியாகப் பேசி முடிப்பது அவர் பொறுப்பு. இலங்கையில் 2022 நெருக்கடிக்குப் பின் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவே நிதித் துறையை வைத்திருந்ததால், நாணய நிதியத்துடனான பேச்சுகளின் நிலையை நாட்டுக்கு எடுத்துச் சொல்லும் வேலையில் பெரும்பங்கு இராஜாங்க அமைச்சர் ஷெஹான் சேமசிங்கவிடம் வந்தது.

இங்கே அப்படிச் செய்தால் பொறுப்பு சிதறும் என்று எதிர்வாதம் எழலாம். நிதியமைச்சர் ஒருவரே நாடாளுமன்றத்துக்கு விடை சொல்ல வேண்டும் என்பது வலுவான வாதம்தான். கொள்கையையும் வரி விகிதத்தையும் இரண்டாம் அமைச்சரிடம் பிரித்துக் கொடுக்க நானும் சொல்லமாட்டேன். ஆனால், ஒப்படைக்கப்பட்ட பணிகளின் பட்டியலை வெளியிடுவதால் எந்தப் பொறுப்பும் சிதறாது. இன்று அது மறைவில் இருப்பதுதான் தரகர்களுக்கு வசதி.

அந்தப் பட்டியலில் ஒரு வரியாக, சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசங்களின் நிதி உறவு ஒரு நிதி இணை அமைச்சரிடம் ஒப்படைக்கப்படலாம். தில்லி, புதுச்சேரி, ஜம்மு–காஷ்மீர் என மூன்றே பிரதேசங்கள். உள்துறையோடு அமர்ந்து ஒதுக்கீட்டுக்கு ஒரு சூத்திரம் வகுப்பது, பட்ஜெட் ஒப்புதல் கோப்புக்குக் கெடு வைப்பது, கடன் சுமையை ஆண்டுதோறும் பரிசீலிப்பது ஆகிய மூன்றுக்கும் அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. நிதியமைச்சரின் கையொப்பமும் உள்துறையின் இசைவும் போதும்.