தேயிலைத் தோட்டமும் வார வேலை நேரமும்

வாரத்திற்கு 48 மணி வேலை என்பது இயற்கை நியதிபோல் நம்மிடையே நிலைத்துவிட்டது. உண்மையில் அது பிந்தி வந்த வரம்பேயாகும். ஆலைத் தொழிலாளர்க்கு 1922இல் 60 மணியும், 1934இல் 54 மணியும் விதித்த சட்டம், 1946இல்தான் 48க்கு இறங்கியது. தோட்டத் தொழிலாளர்க்கோ 1951ஆம் ஆண்டுச் சட்டமும் 54 மணியே வைத்தது. குளிரிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறிப்போர், கூரையின் கீழ் உழைப்போரை எட்டிப்பிடிக்க 1981ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருந்தனர்! 2023 ஏப்ரலில் தமிழக ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பினால் மே தினத்தன்று கைவிடப்பட்டதையும் அங்கத்தினர்கள் அறிவர்.

இனி நேரத்தைக் குறைக்கலாகாதா? கொழுந்து காத்திராது என்பர் நம்மில் ஆள்வைத்துப் பறிப்போர். பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலை சேரவேண்டும் என்பது மெய்யே. ஆயினும் ஒருவரே ஆறு நாளும் பறிக்கவேண்டும் என்பது அதனால் பெறப்படாது, முறைவைத்துப் பறிக்கலாம். மணியைக் குறைத்து எடைக்கணக்கை அப்படியே வைத்தால் மட்டும் அது கூலிக்குறைப்பாய் முடியும். எனவே கொழுந்து மட்டுப்படும் பனிக்கால வாரங்களில், எடைக்கணக்கையும் இறக்கி, கூலி குறையாது சனிக்கிழமை அரைநாள் ஓய்வளித்துப் பார்க்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொணர்தல் வேண்டும்.